142857-ஐ அழிக்காதவன்

ரைஸ் மில், செங்கல் சூளை, தவளக்குப்பத்தில் மாடிக் கடை எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் தனியாளாகக் கட்டியவை. நேற்று பேத்தி செல்போனில் 142857-ஐக் காட்டினாள். “ரெண்டால பெருக்கினா 285714, மூணால பெருக்கினா 428571. அதே நம்பருங்க சுத்திச் சுத்தி வருது தாத்தா!” என் மண்டைத் தழும்பு சுரீர் என்றது.

ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் போட்ட கணக்கும் அதுதான். சரியாகத்தான் பெருக்கினேன்.

“இன்னாடா, பெருக்காம நம்பர மாத்தி மாத்தி எழுதி ஏமாத்துறியா? அழிடா!”

“மாட்டேன் சார். நீங்களே பெருக்கிப் பாருங்க.”

பிரம்பு உடைந்தது. என் தலையைச் சுவரில் மோதினார். சிலேட்டில் ரத்தம் வழிந்தது. அவர் கையைச் சதை பிய்யக் கடித்துவிட்டு ஓடினேன். படிப்பு அத்தோடு போனது.

இதை யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறாள் பேத்தி. இருக்கட்டும். வில்லியனூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மண்டை உடைந்தும் அந்த விடையை அழிக்காதவன் நான். கணக்குப் புத்தகத்தில் என் பேரையும் போட வேண்டும்.