வலிக்காத சீட், ஆடாத பை

கிரிவலப் பாதையில் எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. நாங்கள் தலைமுறை தலைமுறையாக ஜைனக் குடும்பம். அந்தச் சன்னதிகளை மரியாதையோடு கடந்து போவோமே தவிர, நின்று கும்பிடும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு மாதம் முழுக்க, காலையில் சைக்கிளில் மலையைச் சுற்றும்போது ஒரு லிங்கம் விடாமல் இறங்கி நின்றேன்.

"இன்னாம்மா, எட்டுக்கும் கும்பிடு போட ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டார் என் கணவர். அவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றிக் காத்திருப்பார்.

"காத்து நல்லா வருதுங்க. ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போலாம்."

காற்றெல்லாம் ஒன்றுமில்லை. என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. அதுதான் விஷயம்.

அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, உடம்புக்கு வேலை கொடுக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது அவருக்குச் சலிப்பு. பள்ளியில் நாள் முழுக்க வேதியியல் பாடம் நின்றுகொண்டே நடத்துகிறவர், காலையிலும் நடக்க வேண்டுமா என்றார். ஆளுக்கொரு சைக்கிள் வாங்கினோம். எனக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. பத்து மணிக்குள் மலையைச் சுற்றி வந்து, குளித்து, ஆபீஸ் போய்ச் சேர நேரம் சரியாக இருந்தது. எங்கள் ஒரே மகள் பாண்டிச்சேரியில் வேலைக்குச் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தாள். ஒருநாள் அவளோடு போனில் பேசும்போது, "நாங்க சைக்கிள்லயே வந்து உன்னப் பாக்கப் போறோம்" என்று இவர் சொல்லிவிட்டார். அவள் சிரித்தாள். "பஸ்ஸுல வாங்கப்பா" என்றாள். இவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அது முடிவாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் ஆசைதான். அதனாலேயே வலியைச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், பேப்பரை மடித்துக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளா?"

"இன்னா எத்தினி நாளா?"

"தலகாணி."

"ஒரு மாசம் இருக்கும்."

"சொல்றதுக்கென்ன?"

"எங்க வலிக்குதுன்னு எப்பிடிங்க சொல்றது?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். பிரசவம், கர்ப்பப்பை ஆபரேஷன், அவருடைய ஆஸ்பத்திரி நாட்கள் என்று ஒருவர் உடம்பை ஒருவர் எவ்வளவோ பார்த்திருக்கிறோம். ஆனாலும் சைக்கிள் சீட்டில் எந்த இடம் வலிக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மாலையில் டவுனுக்குப் போய் ஒரு சீட்டோடு திரும்பினார். கடைக்காரரிடம் என்ன சொல்லி வாங்கினாரோ! "வீட்ல அவங்களுக்கு, கொஞ்சம் சௌகரியமா" என்று இழுத்திருப்பார். கடையிலேயே கொழுத்த சீட்டாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அகலமாக, மெத்தென்று, கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போய் மெதுவாக எழும்பி வந்தது. அவர் அதைத் திரும்பத் திரும்ப அழுத்திக் காட்டினார்.

"பஞ்சு மாதிரி இருக்குது பாரு!"

அந்தப் பஞ்சில் நான்கு நாள் ஓட்டினேன். அகலம் ஜாஸ்தியாகி உள்தொடை இரண்டும் உரசிப் புண்ணாயின. மெத்தை அமுங்கி நடுவில் எழும்பி, அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தியது. ஆறாவது கிலோமீட்டரில் மரத்துப்போனது. அவர் ஆசையாக வாங்கி வந்ததை எப்படி வேண்டாமென்பது? "பரவால்லீங்க, நல்லாயிருக்குது" என்றேன்.

ஐந்தாம் நாள் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் நின்றோம். கடை ஓரம் ஒரு சைக்கிள் சாய்த்து வைத்திருந்தது. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை, முன்னால் ஒரு சின்னப் பை, மேலெல்லாம் செம்மண் புழுதி. அதற்குச் சொந்தக்காரி பெஞ்சில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். திருச்சூரில் நர்ஸாக இருக்கிறாளாம். லீவு போட்டுவிட்டு, தனியாகவே ஊர் ஊராகச் சுற்றி வருகிறாள். நான் அவள் பையையோ தைரியத்தையோ பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தேன். ஒல்லியாக, கட்டையாக இருந்தது. நடுவில் நீளமாக ஒரு பள்ளம்.

"இதுலயாம்மா உக்காந்து வந்தே?"

"ஆமா சேச்சி. பதினோரு நாளாச்சு" என்றாள், மலையாளம் கலந்த தமிழில். பிறகு என் சைக்கிளைப் பார்த்தாள். என் சீட்டை விரலால் அழுத்தினாள். நர்ஸ் அல்லவா, நேராகவே கேட்டாள்: "சேச்சிக்கு எங்கே வலி?"

நான் கணவரைப் பார்த்தேன். அவருக்குத் திடீரென்று கடையிலிருந்த பிஸ்கட் ஜாடிகள் மேல் பெரிய அக்கறை வந்து, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சொன்னேன். ஒரு மாதமாகச் சொல்லாததையெல்லாம், ஐந்து நிமிடம் முன்பு பார்த்த பெண்ணிடம் சொன்னேன்.

அவள் தலையாட்டிக் கேட்டாள். நாம் உட்காருவது சதையில் அல்ல, அடியில் இருக்கும் இரண்டு எலும்பில் என்றாள். அந்த இரண்டும் சீட்டின் மேல் பொருந்தி உட்கார வேண்டும். மெத்தை ஜாஸ்தியானால் எலும்பு உள்ளே முங்கிவிடும், பாரம் நடுவில் விழும். அந்த எலும்புகளுக்கு நடுவில் எத்தனை இடைவெளி என்பது ஆளுக்கு ஆள் மாறும்; அளந்து பார்த்துத்தான் சீட் வாங்க வேண்டும். அட்டையின் மேல் உட்கார்ந்து எப்படி அளப்பது என்றும் சொன்னாள். பிஸ்கட் ஜாடிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அந்த அட்டை எத்தினி அடுக்கு இருக்கணும்மா?"

வீட்டுக்கு வந்ததும் அவர் வேலையை ஆரம்பித்துவிட்டார். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி முக்காலியின் மேல் போட்டார். பள்ளம் நன்றாகத் தெரிய வேண்டுமென்று சாக்பீஸைப் பொடித்து மேலே தேய்த்தார். என்னை உட்காரச் சொன்னார். "கொஞ்சம் முன்னால சாய். குதிகால தூக்கு. ஆடாத. முப்பது எண்றேன்." ஆய்வகத்தில் மாணவர்களிடம் பேசும் அதே குரல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிச்சா அளவு மாறிடும்" என்றார். அதற்கப்புறம் இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

எழுந்து பார்த்தோம். அட்டையில் இரண்டு சின்னக் குழிகள், குழந்தையின் முழங்கால் பட்டது போல. அவர் ஒவ்வொன்றின் நடுவிலும் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்கேலை வைத்துப் படித்தார். "பதிமூணு சென்டிமீட்டர்." அட்டையை இரண்டு கையாலும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எக்ஸ்ரே பார்ப்பது போலப் பார்த்தார். இத்தனை வருடத்தில் என்னை எத்தனையோ பேர் அளந்திருக்கிறார்கள், தையல்காரரும் டாக்டரும். நோகாமல் உட்கார வேண்டுமென்று யாரும் அளந்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. காட்டிக்கொள்ளாமல் அட்டைத்தூளைப் பெருக்கினேன்.

அந்த அளவுக்குக் கொஞ்சம் கூடுதலான அகலத்தில், நடுவில் பள்ளமுள்ள ஒரு சீட்டைத் தேடி வரவழைத்தார். பார்க்க மரப்பலகை மாதிரி இருந்தது. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும்; அந்த உயரத்துக்கு ஏற்றினார். சீட்டின் முன்மூக்கு மேலே தூக்கியிருந்ததை மட்டம் பார்த்துத் தாழ்த்தினார். முதல் வாரம் வேறு மாதிரி வலித்தது, புதுச் செருப்பு போல. இரண்டாம் வாரம் எலும்பு தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு காலை, அக்னி லிங்கத்தருகில் அவர் பழக்கதோஷத்தில் பிரேக் பிடித்து நிற்க, நான் பாட்டுக்கு மணியடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனேன். பின்னால் அவர் ஏதோ கத்தினார். சந்தோஷமாகத்தான் கத்தினார்.

அடுத்தது பை. இரண்டு நாள் பயணத்துக்குத் துணிமணி, தண்ணீர், சாப்பாடு. நாங்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிறவர்கள். வழியில் எங்கே மாட்டினாலும் கையில் சாப்பாடு இருந்தாக வேண்டும். ஒத்திகை பார்க்கலாமென்று இரண்டு கட்டைப்பைகளை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வேங்கிக்கால் திருப்பத்தில் ஒரு பை முழங்காலில் இடிக்க, இன்னொன்று ஆட, சைக்கிளோடு சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. மறுநாள் முதுகில் மாட்டும் பை. முதுகு வேர்த்ததோடு, அந்தப் பாரமும் சேர்ந்து சீட்டில் இறங்கியது. பட்ட பாடெல்லாம் வீணாகும்போல இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆட்டோ சீட்டும் லாரித் தார்ப்பாயும் தைக்கிற ஒருவர் இருந்தார். அவரிடம் சைக்கிளையே கொண்டுபோனோம். என் கணவர் கோடு போட்ட தாளில் படம் வரைந்து எடுத்து வந்திருந்தார். தைக்கிறவர் அதை ஒரு பார்வை பார்த்து ஓரமாக வைத்தார்.

"படம் இருக்கட்டும் சார். அக்கா, உள்ள இன்னா வப்பீங்க? அத்த சொல்லுங்க முதல்ல."

சொன்னேன். அவர் என்னைச் சைக்கிளில் ஏறிப் பெடலைச் சுற்றச் சொன்னார். என் குதிகால் பின்னால் எதுவரை வருகிறது என்று குனிந்து பார்த்துக் கேரியரில் சுண்ணாம்பால் கோடு போட்டார். "இதுக்கு அப்பால மாட்னா கால்ல இடிக்காது. பாரம் எவ்ளோ கீழ போவுதோ அவ்ளோ நல்லது. ரெண்டு பக்கமும் ஒரே கனமா இருக்கணும்." துணி சக்கரக் கம்பிக்குள் போகாமலிருக்க, பையின் உள்பக்கத்துக்குத் தகடு வைத்தார். வாயை ஜிப் இல்லாமல், மூன்று சுற்றுச் சுருட்டி மாட்டும்படி தைத்தார். "ஜிப்பு இன்னைக்கோ நாளைக்கோ பூடும் அக்கா. இது மழைக்கும் உள்ள ஒரு சொட்டு போவாது." அப்படி ஆளுக்கு இரண்டு பை. எனக்கு மட்டும் ஹேண்டில்பாருக்குச் சின்னதாக ஒன்று, ஓடும்போதே கைவிட்டு எடுக்கிற மாதிரி.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி அடுக்கினோம். என் பையில் துண்டை வைக்கக் கையை விட்டேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். அவருடைய மாத்திரை. பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்து: "நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் ஒன்று. பதறாதே." இன்னொரு பையைப் பார்த்தேன். அதிலும் ஒன்று. அவர் பையிலும் ஒன்று.

"நம்ம பொண்ணப் பாக்கப் போறமா, ஆஸ்பத்திரிக்குப் போறமா?" கோபமாகத்தான் கேட்டேன். பொட்டலத்தை அவர் முன்னால் நீட்டினேன்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசத்துக்கு முன்ன, ரெண்டு தபா நெஞ்சப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. மலைய சுத்தும்போது."

"அப்புறம்?"

"தனியா போயி டாக்டரப் பாத்தேன். எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டாங்க. ஒண்ணுமில்ல, தசைப் பிடிப்புதான், மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சைக்கிள பூட்டி வச்சிடுவ."

நான் லிங்கத்துக்கு லிங்கம் நின்று கதை சொன்ன அதே மாதம். அவர் காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தபோதெல்லாம், தானும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மூன்று பொட்டலத்தையும் எடுத்து, என் ஹேண்டில்பார் பைக்குள் மேலாகவே வைத்தேன்.

"இனிமே வலிச்சா சொல்லணும். ரெண்டு பேரும்."

"சரிம்மா."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை சுகமாகப் போனது. பின்னால் பை இருப்பதே தெரியவில்லை; பாரம் சக்கரத்தோடு சக்கரமாக ஓடியது. செஞ்சிக்கு முன்னால் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. ஒரு புளியமரத்தடியில் அவர் பிரேக் பிடித்தார்.

"வலிக்குதும்மா."

பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்துவிட்டேன்.

"அது வேணாம். நெஞ்சு இல்ல. தோளு. மூணு கிலோமீட்டரா வலிக்குது. சொல்லணும்னியே, அதான் சொல்றேன்."

அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். வேர்வை இல்லை, மூச்சு சீராக இருந்தது. நாடியைப் பிடித்துப் பார்த்து, தண்ணீர் கொடுத்து, தோளை நீவிவிட்டேன். சாலையில் போன பஸ்ஸெல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டு போயின. அரை மணி நேரம் கழித்து, அவருடைய இரண்டு பையையும் கழற்றி என் கேரியரின் மேல் ரப்பர் கயிறு போட்டுக் கட்டினேன். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தார்.

"வெறும் சைக்கிள ஓட்டினு வாங்க. தோளுக்கு பாரம் இல்லாம இருக்கும்."

நான்கு பையோடு நான் முன்னால் போனேன், எதிர்க்காற்றை நானே தாங்கிக்கொண்டு. அவர் என் நிழலில் வந்தார். ஏற்றத்தில் சைக்கிள் முனகியது, ஆனால் ஆடவில்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் என் பெரியம்மா மகள் வீடு. வெயில் மஞ்சளாவதற்குள் போய்ச் சேர்ந்தோம். சுடச்சுடச் சோறு போட்டாள். அவர் இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மறுநாள் அவர் தோள் சரியாகி, தன் பைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று பிற்பகல் பாண்டிச்சேரியில் ஹாஸ்டல் வாசலில் இறங்கினோம். மகள் ஓடிவந்து முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள், தலையிலிருந்து கால்வரை. பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் கட்டிக்கொண்டு, "வேர்வ நாத்தம் தாங்கலம்மா" என்று சொல்லி அழுதாள்.

இரண்டு நாள் இருந்தோம். திரும்பும் அன்று, தோழியின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு ஊர் எல்லைவரை கூடவே வந்தாள், எங்கள் வேகத்துக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு. மெயின் ரோடு வந்ததும் நின்றுவிட்டாள். எனக்குத் திரும்பிப் பார்க்க ஆசை. ஆனால் தலையைத் திருப்பினால் சைக்கிளும் திரும்பிவிடும், இன்றைக்கும் எனக்கு அப்படித்தான். அவர் கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"நிக்கிறா... கை ஆட்டுறா... இன்னும் ஆட்டினே இருக்கறா."