கீழ்க்கல்லின் பாடம்

‘அரியர் அக்கா’ என்ற பெயரை முதன்முதலில் சின்ன நாத்தனார் வாயில்தான் கேட்டோம். நாத்தனாருடைய ஓரகத்தியின் தங்கை அவள். பரீட்சையில் பாக்கி விழுந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ட்யூஷன் எடுப்பவள்.

அவள் புருஷன் காலேஜ் வாத்தியார். அவளுக்கே வகுப்பெடுத்து, பழைய இங்கிலீஷ் காதல் பாட்டுகளைச் சொல்லி மயக்கிக் கட்டிக்கொண்டவர். அந்தப் பாட்டுக்காரர்கள் காதலுக்கு நிலாவையும் பூவையும் தேடமாட்டார்களாம். சம்பந்தமே இல்லாத ஒரு சாமானை இழுத்துவந்து, வக்கீல் மாதிரி வாதாடிப் பொருத்திவிடுவார்களாம். வாத்தியாரும் அந்தப் பாணியில் ஒன்று கட்டினார்: “நாம திருகை. நீ கீழ்க்கல், நான் மேல்கல். எவ்வளவு சுத்தினாலும் உன் மேலதான் சுத்துவேன்.”

சுற்றி முடித்து விவாகரத்து வாங்கிக்கொண்டு போனார். சண்டைக்காரி என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண் ட்யூஷனுக்குச் சேர்ந்தாள். அந்தப் பாட்டுப் பேப்பர்தான் பாக்கி. கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்று வெட்கப்பட்டாள்.

“அவரு என்னைத் திருகையில கீழ்க்கல்னு சொல்வாருக்கா. எனக்குன்னே யோசிச்சதாம்.”

அக்காவுக்கு அடிவயிறு எரிந்தது. அடுத்த நொடியே, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றும் புரிந்தது. தான் யாரென்று மூச்சு விடவில்லை. பாடத்தை மட்டும் நடத்தினாள்.

“பொருந்துற இடத்தைப் பாட்டுக்காரன் சொல்லுவான். பொருந்தாத இடத்தை நாமதான் தேடணும். பாட்டுல பேசறது யாரு?”

“மேல்கல்லு.”

“பாரம் யாரு மேல?”

அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

“கீழ்க்கல்லு தேஞ்சா என்ன செய்வாருன்னு அவரையே கேளு. பரீட்சையில வரும்.”

இரண்டு வீட்டாரும் பேசி முடிக்க உட்கார்ந்த அன்று அவள் கேட்டுவிட்டாள். வாத்தியார் சிரித்துக்கொண்டே, “வேற கல்லு மாத்திக்க வேண்டியதுதான்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், பெண்ணின் அப்பாவைத் தவிர.

“மொதல் கல்லையும் அப்படித்தான் மாத்தினீங்களா மாப்ள?”

சம்பந்தம் அங்கேயே முறிந்தது.

பெண் யாரிடம் படிக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டு வாத்தியார் படியேறி வந்தார்.

“நீதானே சொல்லிக் குடுத்த?”

“நீங்க நடத்தாம விட்ட பாதியை நடத்தினேன், சார்.”

“உனக்கென்ன லாபம் இதுல?”

“வயிறு குளிர்ந்துச்சு. படி வழுக்கும், பாத்து இறங்குங்க.”

ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டீர்களே அக்கா என்று நாத்தனார் புகழ்ந்தபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். “அவ பொழச்சது அவ அதிர்ஷ்டம்டி. நான் பண்ணது எனக்காக.”

இப்போது அவள் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில், மாடியில் இரண்டு அறை எடுத்து ட்யூஷன் நடத்துகிறாள்.