முசரவாக்கத்துக் கிணற்றில் அணைந்த லாந்தர்

1969ஆம் வருஷம் பங்குனி முடிவதற்குள்ளேயே பாலாறு வெறும் மணலாகிவிட்டது. சாயம் அலசத் தண்ணீரில்லாமல் பெரிய காஞ்சிபுரத்தின் சில தெருக்களில் தறிச்சத்தம் ஓய்ந்துபோனது.

அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் மரியம்மாள் டீச்சர் விஞ்ஞானம் நடத்திவந்தார். சுற்றுக் கிராமப் பள்ளிகளுக்கு விஞ்ஞானக் கருவிப் பெட்டிகள் வந்திருந்தன. மாதம் ஒருமுறை அந்தப் பள்ளிகளுக்குப் போய், அவற்றை வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பதும் அவர் வேலை.

முசரவாக்கத்தில் ஒரே ஆசிரியர், ஆதிகேசவன். ஐம்பதைத் தாண்டியவர். பெட்டியைப் பூட்டி அலமாரிக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்.

“எல்லாம் கண்ணாடி சாமானா இருக்குதும்மா. பசங்க ஒடச்சா நான்தான் பதில் சொல்லணும்.”

“ஒடஞ்சா நான் எழுதித் தரேன் சார். எறக்குங்க.”

மரியம்மாள் ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திக் கண்ணாடி ஜாடியால் மூடினார். சுடர் சுருங்கிச் சுருங்கி அணைந்தது. வகுப்பே மூச்சுவிடாமல் பார்த்தது.

“அதுக்கு மூச்சு முட்டிப்போச்சா டீச்சர்?” என்றாள் ஒரு சிறுமி.

“ஆமாம்மா. வெளக்கு எரியாத எடத்துல நம்மளாலயும் மூச்சு விட முடியாது.”

அன்று ஆதிகேசவன் தன் கையாலேயே அதை நான்கு முறை செய்து பார்த்தார்.

அடுத்த மாதம் மரியம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பள்ளி காலியாகக் கிடந்தது. பின்பக்கத்துக் கழனியில் ஊரே நின்றிருந்தது. மரியம்மாள் அங்கே ஓடினார்.

அது குமாரசாமியின் கிணறு. மூன்று வருஷமாகப் பலகை போட்டு மூடியிருந்ததைத் தூர்வாருவதற்காகக் காலையில்தான் திறந்திருந்தார்கள். முதலில் முனுசாமி இறங்கினான். பாதி வழிவரை குரல் கொடுத்தான். அப்புறம் கூப்பிட்டதற்குப் பதிலே இல்லை. அவன் தம்பி கந்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஆதிகேசவன் அவனை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

“ரெண்டு தடவ லாந்தர எறக்கிட்டேன் டீச்சர். பாதியிலயே அணஞ்சிபோச்சு. இவன் கேக்க மாட்டேங்கிறான்.”

“எங்கண்ணன் உள்ள கெடக்குது. வுடு சாரே.”

மரியம்மாள் எட்டிப் பார்த்தார். இருட்டு. மக்கிய வைக்கோலின் வாடை முகத்தில் அடித்தது. கந்தன் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையை இழுத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“நீ எறங்கினா ரெண்டு பேர தூக்கணும் கந்தா. மொதல்ல உள்ள காத்து போவட்டும்.”

“பொம்பள பேச்சக் கேட்டுக்கினு நிக்கிறீங்களே,” என்றார் குமாரசாமி. இரண்டு பேர் மரியம்மாளை எழுப்ப வந்தார்கள். அப்போது ஆதிகேசவன் மூன்றாம் முறையாக லாந்தரை இறக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெளிச்சம் மங்கியது, துடித்தது, போய்விட்டது. வந்த இருவரும் பின்வாங்கினார்கள்.

வேப்பங்கிளைகளைக் கத்தையாகக் கட்டி, இறக்கி இறக்கி இழுத்தார்கள். குடம் குடமாகத் தண்ணீரை வீசி ஊற்றினார்கள். அரைமணி நேரம் கழிந்து இறக்கிய லாந்தர் அணையாமல் நின்றது. கந்தன் இறங்கினான்.

மேலே தூக்கிவந்த முனுசாமியின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.

“அப்பவே வுட்டிருந்தா பொழச்சிருக்கும்,” என்றான் கந்தன். “நீங்க ரெண்டு பேரும்தான் கொன்னுட்டீங்க.”

இறங்கிய சில நிமிஷங்களிலேயே உயிர் போயிருக்கும் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அது மரியம்மாளுக்கு ஆறுதலாக இல்லை.

அதன்பிறகு பள்ளிக்கூட ஓட்டின்மேல் கல் விழத் தொடங்கியது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்கும்படி மரியம்மாள் சொன்னார்.

“போய்ட்டா நாம சொன்னது பொய்யின்னு ஆயிடும்மா,” என்றார் ஆதிகேசவன்.

மரியம்மாளும் வருவதை நிறுத்தவில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதெல்லாம் கந்தன் எதிரே நிற்பான். கையில் அரிவாள் இருக்கும். பள்ளிவரை பத்தடி தள்ளிப் பின்னாலேயே நடந்து வருவான். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். ஒருநாளும் மரியம்மாள் வேகமாக நடக்கவில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. ஒரு காலை காஞ்சிபுரத்து பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கந்தனின் மனைவி தேவகி.

“உங்களாண்ட பேசக்கூடாதுன்னு சொல்லிக்கீது டீச்சர்,” என்றாள் மெதுவாக. “எனக்கு உங்கமேல கோவம் இல்ல. இது தையில பொறந்தது.”

மரியம்மாள் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் வெச்சிக்கோங்க. தல முடிஞ்சிக்கிறேன்.”

குழந்தை மடியில் கனமாக இருந்தது. முசரவாக்கம் நெருங்கும்வரை தேவகி அதைத் திரும்ப வாங்கவில்லை. ஊர் தெரிந்ததும் வாங்கிக்கொண்டு, பஸ் நின்றதும் மரியம்மாளைத் தெரியாதவள் போல் இறங்கிப் போனாள். புளியமரத்தடியில் கந்தன் எப்போதும்போல் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தான்.