தரங்கம்பாடிக்கு நான் போட்ட வழி

முப்பது வயதாகியும் நான் கடலைப் பார்த்ததில்லை. என் மனைவியோ கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அப்பா தரங்கம்பாடியில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணம் கிருஷ்ணகிரியில் அவள் பெரியப்பா வீட்டில் நடந்துவிட்டதால் மாமனார் வீட்டுக்கு நான் போகவே இல்லை. இரண்டு வருடம் கழித்து, அறுபதுகளின் கடைசியில், மழை ஓய்ந்த ஒரு சமயம் எனக்குப் பதினைந்து நாள் லீவு கிடைத்தது. போவதென்றால் காரில்தான் போய் இறங்குவது என்று முடிவு செய்தேன்.

கார் என்னுடையது இல்லை. பெங்களூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் ஃபோர்மன் பழைய கார் ஒன்று வைத்திருந்தார். அவரிடம்தான் ஓட்டவும் கற்றுக்கொண்டேன். "எடுத்துக்கினு போப்பா, பத்திரமா கொண்டாந்து விட்டா சரி" என்று அவர் சொன்னதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலை பெங்களூரில், குடியிருப்பு ஓசூரை அடுத்த மத்திகிரியில், கால்நடைப் பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. வாரம் முழுக்கப் பெங்களூரில் நாலு பேரோடு ஓர் அறையில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை பஸ் பிடித்து வருவேன். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும் விலாசம் தொழிற்சாலை விலாசமாகத்தான் இருக்கும். பெங்களூர் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிய பிறகு மத்திகிரி என்று எழுத யாருக்கு மனசு வரும்? நானும் அப்படித்தான் கொடுத்திருந்தேன்.

ரயிலில் போனால் ஒரே இரவுப் பயணம். ஆனால் எனக்கு மலையும் வேண்டும், கடலும் வேண்டும். ஃபுல்ஸ்கேப் தாளில் வழி போட்டேன். திங்கட்கிழமை காலை புறப்பாடு. சூளகிரி மலைகளைப் பார்த்தபடி கிருஷ்ணகிரி அணை. ஊத்தங்கரை தாண்டி மர நிழலில் எலுமிச்சம்பழச் சாதம். ஜவ்வாது மலை ஓரமாகச் செங்கம், இரவு திருவண்ணாமலை. செவ்வாய், செஞ்சிக் கோட்டை ஏற இரண்டு மணி நேரம், சாயங்காலம் பாண்டிச்சேரிக் கடற்கரை. புதன் அங்கேயே ஓய்வு. வியாழன் கடலூர், சிதம்பரம், சீர்காழி, பொழுது சாயத் தரங்கம்பாடி. கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதி ஒன்றை மாமனாருக்குத் தபாலில் அனுப்பினேன். பூகோள வாத்தியார் மெச்சட்டும் என்ற ஆசைதான்.

பதில் தொழிற்சாலைக்கு வந்தது. லீவு தொடங்கிய சனிக்கிழமை வீட்டுக்கு எடுத்து வந்து மனைவியிடம் கொடுத்தேன். 'உடம்பு கொஞ்சம் சுகமில்லை. திட்டம் பிரமாதம். அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டு வாருங்கள்.' அவ்வளவுதான். அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

"இது அப்பா கையெழுத்து இல்லைங்க. தம்பி எழுதியிருக்கான்."

"சோம்பலா இருந்திருக்கும், எழுதச் சொல்லியிருப்பாரு."

"அப்பா காய்ச்சல்ல கிடந்தாக்கூட அவங்க கையாலதான் எழுதுவாங்க. உடம்பு சுகமில்லைன்னு ஒருநாளும் எழுதுனதில்லை. நாம சேலம் போயி ரயிலைப் புடிச்சிடலாம். காலையில மாயவரம், அங்கேருந்து தரங்கம்பாடி வண்டி."

அவள் ஏற்கெனவே எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக நான் போட்ட வழியை ஒரே மூச்சில் தள்ளிவிட்டாளே என்று தோன்றியது.

"பிரமாதம்னு அவரே எழுதியிருக்காரு. நீ என்னாத்துக்குக் கெடந்து அடிச்சிக்கிற?" என்றேன்.

திங்கட்கிழமை விடிந்தது. எலுமிச்சம்பழச் சாதம் கிளறி, பெட்டி கட்டி, இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். ஃபோர்மன் அனுப்புவதாகச் சொன்ன கார் வரவில்லை. பதினொரு மணிக்குப் பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் ஃபோர்மனின் சேதிதான் வந்தது. பின் டயர் வெடித்துவிட்டதாம், இரண்டு நாளில் வேறு மாட்டி அனுப்புகிறாராம்.

"அப்பாவுக்கு ஒரு கார்டு போடுங்க. இன்னிக்குக் கிளம்பலைன்னாவது தெரியட்டும்."

"ரெண்டு நாள்தானே. கார்டு போய்ச் சேர்றதுக்குள்ள நாமளே போய் நிப்போம்."

அந்தச் சாதத்தை அன்று வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு தேதிகளை அடித்து அடித்து எழுதினேன். லீவு குறைவதால் பாண்டிச்சேரியில் ஒரு நாளை வெட்டினேன். செஞ்சியை வெட்ட மனம் வரவில்லை. அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டு ஜெபப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் ரெட்டியார்கூட ஒருநாள் வேலிப் பக்கம் நின்று சொன்னார். "ஏம்ப்பா, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியா? காரும் வேணாம் கீரும் வேணாம், பஸ்ஸு ஏத்தி உடு." உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லாததுதான் பாக்கி. உள்ளுக்குள் எனக்கும் பயம் தொடங்கியிருந்தது. ஆனால் ஐந்து நாள் காத்துவிட்டு இப்போது பஸ் ஏறினால் அவள் சொன்னதே சரி என்று ஆகிவிடும். அதற்குத்தான் நான் இணங்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபோர்மனே காரை ஓட்டி வந்தார். இறங்கியதும் கிளட்சைப் பற்றி ஆரம்பித்தார். மேட்டில் எப்படி விட வேண்டும், ரேடியேட்டருக்கு எங்கெங்கே தண்ணீர் ஊற்ற வேண்டும், எல்லாம் சொல்லி முடித்துக் காப்பியும் குடித்துவிட்டு எழுந்தார். சாவியை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டவர், "அடடே" என்றார்.

"உனக்குத் தந்தி ஒண்ணு வந்துச்சுப்பா. திங்கக்கெழமையே வந்துச்சாம். நீ லீவுன்னு டைம்கீப்பர் மேசையில வெச்சிட்டாரு. நேத்துதான் எங்கிட்ட குடுத்தாரு."

தகப்பனார் கவலைக்கிடம், உடனே புறப்படவும் என்று இருந்தது. நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தாள்.

எனக்கு வந்தது கோபம். டைம்கீப்பர் மேல், டயர் மேல், ஃபோர்மன் குடித்த காப்பி மேல். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். ஊத்தங்கரை வரை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே ஓட்டினேன். அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. நான் ஆசைப்பட்ட மலைகளெல்லாம் இரண்டு பக்கமும் பச்சையாக நின்றன, இருவருமே ஏறிட்டுப் பார்க்கவில்லை. செஞ்சியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் நிறுத்தினேன். பாண்டிச்சேரியை இருட்டில் கடந்தோம், கடல் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை தரங்கம்பாடித் தெருவில் கார் நுழைந்தபோது தெருக்கோடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. அதுதான் கடல் என்று புரிவதற்குள் வீட்டு வாசல் வந்துவிட்டது. வாசலில் பெஞ்சுகள் கிடந்தன. மாமனார் வெள்ளிக்கிழமை காலை இறந்து, சனிக்கிழமை அடக்கமும் முடிந்துவிட்டது. அந்தச் சேதியையும் தந்தியாக அதே பெங்களூர் விலாசத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தாமதமாக வந்த அது, லீவு முடிந்து நான் போனபோது டைம்கீப்பர் மேசையில் இருந்தது.

மாமியார் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருக்கலாம். "முதல் தந்திக்குப் பதில் வரலைங்கவும், நீங்க கிளம்பிட்டீங்கன்னு இருந்துட்டோம், மாப்பிள்ளே. வியாழக்கிழமை சாயங்காலம் அவங்க, தன்னை வாசல்ல கொண்டாந்து உட்கார வைக்கச் சொன்னாங்க. கண் அசந்தா, கார் சத்தம் கேட்டதும் எழுப்பிவிடுன்னாங்க" என்றார்.

என் மனைவி உள்ளே போய் அப்பாவின் கட்டிலில் படுத்துக்கொண்டாள். தலைமாட்டில் அவருடைய பழைய அட்லஸ் இருந்தது, அதற்குள் மடித்தபடி என் கார்பன் பிரதி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து அட்லஸை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

பெங்களூரிலிருந்து பென்சில் கோடு ஒன்று புறப்பட்டிருந்தது. திங்கள் இரவு திருவண்ணாமலையில் ஒரு புள்ளி, செவ்வாய் பாண்டிச்சேரியில் ஒரு புள்ளி. ஒவ்வொரு நாளும் அவள் தம்பியிடம் பென்சில் கேட்டு வாங்கி, படுத்தபடியே கோட்டை நகர்த்தியிருக்கிறார். நாள் ஆக ஆகக் கோடு நடுங்கியிருந்தது, ஆனால் விட்டுப்போகவில்லை, தரங்கம்பாடி வரை வந்திருந்தது. திருவண்ணாமலைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவில் சின்ன வட்டம் போட்டு, பக்கத்தில் கோணல் மாணலாக, இந்த முறை அவர் கையாலேயே எழுதியிருந்தார்: 'செஞ்சி. கோட்டை பார்க்கிறார்கள். இரண்டு மணி நேரம்.'