பதினொரு பக்கத்தில் ஒரு முழங்கால்

பிசியோதெரபி கல்லூரியில் அவருக்குக் கோணமானி மேடம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, அது சம்பளப் பதிவேட்டோடு சரி. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோணமானி கட்டாயம் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் காலை நீட்டி மடக்கினால் போதும், "எழுபதுதான் வருது, யார்கிட்டயாவது காட்டினீங்களா?" என்று கேட்டுவிடுவார். அந்த ஆள் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுவார்.

இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு அவர் நடத்தும் பாடம் கொஞ்சம் வம்பு பிடித்தது. ஒரு நோயாளியின் விவரத்தை எழுதிக் கொடுப்பார். பிள்ளைகள் ஐந்து ஐந்து பேராகக் குழு பிரிந்து, நிலைமை என்ன என்று மதிப்பிட்டு, ஏன் அப்படி என்று அலசி, என்ன செய்யலாம் என்று திட்டம் போட்டு, வகுப்பு முன்னால் நின்று வாதாட வேண்டும். "திட்டம் நோயாளிக்கு. உங்க மார்க்குக்கு இல்ல" என்று இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார். பிள்ளைகளும் இருபத்திரண்டு வருஷமாக மார்க்குக்குத்தான் திட்டம் போடுகிறார்கள்.

இந்த வருஷத்து நோயாளியின் பெயர் திரு. அ. ஓய்வுபெற்ற லிப்ட் மெக்கானிக், வயது அறுபத்தொன்று, வலது முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து நாலு வாரம். மற்ற வருஷங்களில் இரண்டு பக்கத்தைத் தாண்டாத விவரம் இந்த முறை பதினொரு பக்கம். தாண்டாமல் என்ன செய்யும்? திரு. அ வேறு யாருமில்லை, மேடத்தின் வீட்டுக்காரர்.

ஊரான் வீட்டுக் காலையெல்லாம் மடக்கி நடக்கவிட்ட கைக்குச் சொந்த வீட்டுக் கால் அசைந்து கொடுக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சாயங்கால கிளினிக்கை முடித்து ஒன்பதரைக்கு வீடு வந்த மேடம், இப்போது அதற்கு லீவு போட்டுவிட்டு, ஐந்தரைக்கெல்லாம் வந்து வீட்டுக்காரர் காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஐம்பது பாகை வந்ததும் அவர் "ஐயோ" என்பார். வேறு யார் "ஐயோ" என்றாலும் மேடம் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். இவர் சொன்னால் மட்டும் கையை எடுத்துவிடுவார். ஆபரேஷன் செய்த டாக்டரோ கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆறாவது வாரம் தொண்ணூறு மடங்கணும். இல்லேன்னா மறுபடி மயக்கம் குடுத்து வளைக்க வேண்டியதுதான்." வேறு நோயாளிகளுக்கு அந்த வளைப்பைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் மேடம். அதனால்தான் வெட்கத்தை விட்டு, பெயரை மறைத்து, கட்டிய புருஷனை இருபது பிள்ளைகளுக்குக் கேஸாகக் கொடுத்தார்.

முதல் குழு நாலு நிறத்தில் கால அட்டவணை கொண்டுவந்தது. பல் துலக்குவதற்கு எட்டு நிமிஷம் என்றுகூட அதில் இருந்தது. "இது மனுஷனுக்கா, ரயிலுக்கா?" என்று வகுப்பில் கிழி கிழி என்று கிழித்தார். அன்று சாயங்காலமே அதைக் கைப்பையில் மடித்துக் கொண்டுபோய் ஹால் சுவரில் ஒட்டினார்.

"யாரு போட்டது இது?" என்றார் வீட்டுக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி.

"நான்தான்."

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இது படிக்க முடியுதே."

இரண்டாம் குழு பரிசுத் திட்டம் சொன்னது, பத்து அடிக்கு ஒரு பிஸ்கட். வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, "நடை நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார். மூன்றாம் குழு, தாளத்துக்கு ஏற்றபடி காலை அசைக்கப் பாட்டுப் போடச் சொன்னது. மேடம் பாட்டுப் போட்டார். அவர் நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

நாலாவது குழு எதையும் நேரத்தில் கொடுத்த சரித்திரமில்லாத கோஷ்டி. தலைவியாக ஒரு கிராப் வெட்டிய பெண். கையில் ஒரே ஒரு தாளோடு முன்னால் வந்து நின்றாள். மேடத்துக்குச் சுள்ளென்று ஏறியது.

"பதினொரு பக்கம் குடுத்தேன். ஒரு தாளா?"

"எண்ணிப் பாத்தோம் மேடம். 'மனைவி கூறுகிறார்'னு நாப்பத்தேழு தடவ வருது. 'நோயாளி கூறுகிறார்'னு ஒரு தடவகூட இல்ல. அவருக்கு என்ன வேணும்னு யாரும் கேட்ட மாதிரியே தெரியல."

"அவர் அதிகம் பேச மாட்டார்."

"உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?"

மேடம் ஒரு தரம் இருமினார். "சரி, சரி. திட்டத்தச் சொல்லு."

"நோயாளிக்குத் திட்டமே போடல மேடம். அந்தம்மாவுக்குத்தான் போட்டோம். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயத் திறக்காம இருக்கணும். இலக்கு ரெண்டு நிமிஷம். முடியலேன்னா அர நிமிஷத்துல ஆரம்பிச்சுப் படிப்படியா ஏத்தலாம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "அந்தம்மாவுக்கு அர நிமிஷமே ஜாஸ்தி!" என்றான். மேடத்தின் காது மடல் சிவந்துபோனது. மணி அடித்ததுகூடக் காதில் விழாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம்தான். கோபத்துக்கு அடியில், பொட்டில் அறைந்த மாதிரி ஒரு வலி. ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டில் ஒரு நாள்கூடச் செய்யவில்லையே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் காலைத் தூக்காமல், அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க, உங்களுக்கு என்னதான் வேணும்?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி. தொண்டைவரை நாலு யோசனை வந்து முட்டியது. இருபது விநாடி. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஏன், உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றார் வீட்டுக்காரர் பயந்துபோய்.

மேடம் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். ஒரு நிமிஷம் தாண்டியது. அவர் நெளிந்தார், சட்டைப் பொத்தானைத் திருகினார், ஜன்னலைப் பார்த்தார். ஒன்றே முக்கால் நிமிஷத்தில் பெருமூச்சு விட்டார்.

"சரி, நீ இப்படியே உக்காந்திரு. முதல்ல உனக்கு டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்து, கைத்தடியைத் தொடாமல், கிடுகிடுவென்று அடுப்படிக்கு நடந்து போனார்.

டீயோடு அவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முழங்கால் மடங்கிய அழகை மேடம் பார்த்தார். அளக்கவே வேண்டாம், நூறுக்கு மேல்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வாரமா. நீ காலேஜுக்குப் போனதும் கீழ டைலர் கடை வரைக்கும் போவேன். படியெல்லாம் ஏறி இறங்கறேன்."

"அடப்பாவி மனுஷா! ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நான் செத்துக்கிட்டிருக்கேன். டாக்டர் மறுபடி வளைப்பாரேன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"தப்புதான்." அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினார். "வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட மடக்கிக் காட்டிடலாம்னுதான் இருந்தேன். உன்கிட்ட சொன்னா மறுநாளே நீ கிளினிக்குப் போயிடுவ. முப்பத்தோரு வருஷமா ஒன்பதரைக்கு வருவ, ரெண்டு வாய் சாப்பிடுவ, படுத்துடுவ. இந்த ஒரு மாசமாத்தான் விளக்கு போடற நேரத்துல நீ வீட்ல இருக்க. என்ன வேணும்னு கேட்டியே, அதுதான் வேணும்."

மேடத்துக்குத் திட்ட நூறு வார்த்தை இருந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர்தான் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு டீயை ஒரே மூச்சில் குடித்தார். சர்க்கரை போட மறந்திருந்தார் மனுஷன். அதையும் சொல்லவில்லை. பையிலிருந்து போனை எடுத்தார்.

"கிளினிக்குக்கா?" அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஆமா. பேசாம இருங்க."

மணி போனது. எதிர்முனையில் கிளினிக் டாக்டர், திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடுவீர்கள்தானே என்று கேட்டார்.

"எங்க டாக்டர்!" என்றார் மேடம், எதிரே உட்கார்ந்திருந்தவரின் காலைப் பார்த்தபடி. "அம்பதத் தாண்ட மாட்டேங்குது. ரொம்பப் பிடிவாதமான முழங்கால். இன்னும் ரெண்டு மாசமாவது நான் கூடவே இருக்கணும்."