மூன்றாம் மாடி வீட்டுக்கு அரைப் பங்கு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து, வயல் சேற்றில் நண்டு நடந்த தடம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்று இன்றைக்கும் பயம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுதுவதற்காகப் பல தடவை உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. எழுந்து மோட்டாரைப் பார்க்கப் போய்விடுவேன். மோட்டார் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தில் நான் வேலை செய்கிறேன். கீழே கடைகள், மேலே வாடகை வீடுகள். வாட்ச்மேன், எலக்ட்ரீசியன், தண்ணீர் திறந்துவிடுகிறவன், எல்லாம் நான்தான். முதலாளி கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். அவரும் தம்பியும் துபாயில் சம்பாதித்துக் கட்டிய கட்டடம் இது. நான் குடவாசல் பக்கத்துக் கிராமத்தான். ஆற்றில் தண்ணீர் வராமல் நடவு நின்றுபோன ஒரு வருஷம் தஞ்சாவூருக்கு வந்தேன். இந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது சுவரைக் கொத்திப் பைப் பதிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கட்டி முடித்ததும் எல்லாரும் அடுத்த கட்டடத்துக்குப் போனார்கள். "நீ இங்கேயே இருந்துக்கய்யா" என்றார் முதலாளி. இருந்துகொண்டேன்.

கட்டடத்துக்கே ஒரு பெரிய கரண்ட் கனெக்‌ஷன்தான். உள்ளே ஒவ்வொரு கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனியாகச் சின்ன மீட்டர். மாதம் பிறந்ததும் நான் அதைப் பார்த்து, துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். கதவைத் தட்ட மாட்டேன். யாராவது திறந்து "என்னண்ணே?" என்று கேட்டுவிட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

மாடிப்படி விளக்கு, தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் டீசல், இதெல்லாம் பொதுச் செலவு. இதை எப்படிப் பிரிப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊரில் எப்படிப் பிரிப்பார்களோ அப்படிப் பிரித்தேன். வாய்க்கால் தூர் எடுக்கவோ கோயில் திருவிழாவுக்கோ வரி போட்டால் தலைக்கட்டுக் கணக்குதான். ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு, ஒரு பங்கு. புருஷன் இல்லாத வீட்டுக்கு அரைப் பங்கு. அதை அங்கே யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பந்தியில் இலை போடுகிற மாதிரி, அது பாட்டுக்கு நடக்கும்.

மூன்றாம் மாடியில் ஒரு அம்மா வாடகைக்கு இருந்தார். வேதக்காரர்கள். சிலுவை கோத்த தாலி போட்டிருப்பார். வீட்டிலேயே மோட்டார் வைத்த தையல் மெஷினில் ஜாக்கெட் தைத்துக் கொடுத்து மகளைப் படிக்க வைத்தார். புருஷன் ஏசி மெக்கானிக், துபாய்க்குப் போயிருந்தார். முதலில் வாரா வாரம் கீழே செல்போன் கடைக்குப் போன் வரும். கடைக்காரப் பாய் வாசலில் நின்று மேலே பார்த்துக் குரல் கொடுப்பார். அந்த அம்மா தோளில் அளவு நாடாவோடு இறங்கி ஓடி வருவார். பிறகு அந்தப் புருஷன் இருந்த கம்பெனியை விட்டு வேறு எங்கேயோ மாறிவிட்டதாகச் சொன்னார்கள். போன் வருவது குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. முதலாளியின் தம்பி அங்கே விசாரித்துப் பார்த்தார். ஆள் இருக்கிறார் என்றும் தகவல் இல்லை, இல்லை என்றும் தகவல் இல்லை.

எந்த மாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு நான் அரைப் பங்கு போட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சீட்டில் தொகை மட்டும்தானே இருக்கும். அந்த அம்மாவுக்குத் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது. அது கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலம். டீசல் செலவு ஏற ஏற, கடைக்காரர்கள் முதலாளியின் தம்பிக்குப் போன் போட்டுப் புலம்பினார்கள். நாங்கள் அவரைச் சின்ன முதலாளி என்போம். அவர் துபாயிலிருந்து எனக்குப் போன் போட்டார்.

"உங்க மேல சந்தேகமில்லண்ணே. இங்க எல்லா பில்டிங்லயும் சாஃப்ட்வேர்தான். மீட்டரே கம்ப்யூட்டருக்குச் சொல்லிடும், அது பில்லு போட்டுடும். ஆள் அனுப்புறேன், கூட இருந்து பாத்துக்குங்க."

சரிங்க என்றேன். அன்றைக்கு மாடிக்கும் கீழுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மீட்டரே சொல்லிவிடும் என்றால் நான் எதற்கு?

சென்னையிலிருந்து வந்தவர் சின்ன வயதுக்காரர். நான் சார் என்றதும், "சார்லாம் வேணாம்ணே, எங்க வீட்ல நாய்கூட என்னை மதிக்காது" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பழைய மீட்டர்களைக் கழற்றிப் புது மீட்டர்களை மாட்டினோம். எல்லா மீட்டரையும் தொட்டுக்கொண்டு ஒரே ஜோடிக் கம்பி கீழே ஆபீஸ் அறைக்கு வந்தது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் கொடுத்தார். அந்த எண்ணைச் சொல்லிக் கம்ப்யூட்டர் கூப்பிட்டால் அந்த மீட்டர் மட்டும் பதில் சொல்லுமாம். மேல் மாடி மீட்டர்கள் பதில் சொல்லவில்லை. ஒரு இடத்தில் ஜோடிக் கம்பி மாறிப்போயிருந்தது. மாட்டியவன் நான்தான். "நானும் மொத வேலையில இதத்தான் பண்ணேன்" என்று சிரித்துவிட்டு அவரே மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு திரையில் ஒவ்வொரு வீடாகப் பச்சைப் புள்ளி வந்தது. மூன்றாம் மாடி வீட்டுப் புள்ளிக்குப் பக்கத்தில் எண் நகர்ந்துகொண்டே இருந்தது. மேலே தையல் மெஷின் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். எனக்கு என்னவோ போல இருந்தது.

பிறகு குடியிருப்பவர்கள் பெயர், யூனிட்டுக்கு என்ன விலை என்று ஒவ்வொன்றாக அடித்தார்.

"பொதுச் செலவை எப்படிண்ணே பிரிக்கிறீங்க? சதுர அடிக்கா, யூனிட்டுக்கா, இல்ல எல்லாருக்கும் சமமா?"

"தலைக்கட்டுங்க."

"அதென்னண்ணே?"

எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். மூன்றாம் மாடிக்கு அரை என்று முணுமுணுத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு கீபோர்டைத் தட்டினார்.

"அதுக்கும் இதுல இடம் இருக்குண்ணே. வீட்டுக்கு ஒண்ணு, அவங்களுக்குப் பாயிண்ட் அஞ்சு. முடிஞ்சுது. இனிமே நீங்க நெனச்சாலும் தப்பாப் போட முடியாது."

சாயந்திரம் பஸ் ஏறிப் போய்விட்டார். போகும்போது தன் நம்பரைச் சுவரில் பென்சிலால் எழுதிவிட்டுப் போனார்.

மாதம் பிறந்ததும் பட்டனைத் தட்டினேன். பில்கள் ஒவ்வொன்றாகப் பிரிண்டரிலிருந்து வந்தன. முழுக்க இங்கிலீஷ். தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். மற்ற வரிகளை எனக்குப் படிக்கத் தெரியாது. வழக்கம் போலக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கீழே வந்தேன். தொகைக்கு மேலே, யாருக்கு எத்தனை பங்கு என்றும் அது அச்சடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். செல்போன் கடை வாசலில் பாயும் தன் பில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆபீஸ் அறைக் கதவில் நின்றேன்.

"பாய், உங்க பில்லுல ஷேருன்னு எவ்வளவு போட்டிருக்கு?"

"ஒண்ணுன்னு இருக்கும்மா."

"எனக்கு அரைன்னு இருக்கு."

பாய் விளையாட்டாகத்தான் சொன்னார். "அண்ணன் உங்களுக்குத் தள்ளுபடி போட்டுட்டாரு போல. எங்களையெல்லாம் பாத்தா மனுஷனாத் தெரியல அவருக்கு."

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே எனக்கு மட்டும் அரை?"

நான் மோட்டார் இருக்கும் பக்கம் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவரும் கிராமத்திலிருந்து வந்தவர்தானே. எந்த வீட்டுக்கு அரை போடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"மாதா கோயில்லகூட இன்னும் அவரு பேருலதான் வரி வாங்குறாங்க. நீங்க முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா..."

"வாடகை பாக்கி வச்சிருக்கனா? யார்கிட்டயாவது சலுகை கேட்டனா? அவரு இருக்காருண்ணே. ஒண்ணுன்னு போட்டுக் குடுங்க. அதுவரைக்கும் இந்தப் பில்லு எனக்கு வேணாம்."

பில்லை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பாய், "யா அல்லாஹ், நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்று முணுமுணுத்தபடி கடைக்குள் போனார். மேலே தையல் மெஷின் சத்தம் அன்றைக்குக் கேட்கவில்லை. திரையில் பார்த்தேன். அந்த வீட்டு எண் நகரவே இல்லை.

சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல, ஒரு கையில் போனும் ஒரு விரலில் கீபோர்டுமாகத் தேடித் தேடித் தட்டினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. பாயிண்ட் அஞ்சை அழித்து ஒன்று போட்டேன். கம்ப்யூட்டர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி நின்றது.

"எந்தத் தேதியிலேர்ந்துன்னு கேக்குதுண்ணே. தேதி போடாம அது விடாது."

"எந்தத் தேதிங்க போடுறது?"

"அவங்க குடிவந்த தேதியையே போடுங்க. நடுவுல எதுவுமே நடக்காத மாதிரி ஆயிடும்."

போட்டேன். பில் ஒன்று என்று வந்தது. எடுத்துக்கொண்டு மேலே போனேன். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், தட்ட முடியவில்லை. அடியில் தள்ளிவிட்டு, படியில் ஒரு திருப்பம் இறங்கி நின்றேன். உள்ளே பேப்பரை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெஷின் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. மீட்டர் பார்க்கிற வேலை போனாலும் என்னை யாரும் அனுப்பவில்லை. கம்பியை எலி கடிக்கும், இடி விழுந்தால் மீட்டர் ஊமையாகும். அதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆனாலும் எனக்கு நிலைகொள்ளவில்லை. மாதம் பிறந்தால், பில் எடுப்பதற்கு முன் மூன்றாம் மாடியின் பங்கைத் திறந்து பார்ப்பேன். ஒன்று என்று இருக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். துபாயிலிருந்து சின்ன முதலாளி பேசும்போதெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். அவரே, "அந்த ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியலண்ணே" என்பார். மகள் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குப் போனாள். அந்த அம்மா என்னோடு பழையபடி பேசினார். கரண்ட் எப்ப வரும், தண்ணி ஏத்தியாச்சா, அவ்வளவுதான்.

இந்த வருஷம் கல்லறைத் திருநாள் கழிந்த மறுவாரம் அந்த அம்மா ஆபீஸ் அறைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கோயில்ல பூசைக்குச் சொல்லிட்டு வந்தேண்ணே. இவ்வளவு நாளா நலமா இருக்கணும்னு சொல்லுவேன். இந்தத் தடவ இறந்தவங்களோட சேத்துச் சொல்லச் சொன்னேன்."

"செய்தி ஏதும் வந்துச்சாம்மா?"

"செய்தி ஒண்ணும் வரல. இனிமே வராதுண்ணே." கம்ப்யூட்டரைக் காட்டி, "அரையா மாத்திடுங்க" என்றார்.

"ஒண்ணாவே இருக்கட்டும்மா. அதனால என்ன?"

"மாசா மாசம் பில்லு வந்தா, தொகையப் பாக்குறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணத்தான் பாக்குறேன். அது வேணாம். மாத்துங்க."

நான் தட்டினேன். இப்போது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றை அழித்தேன், பாயிண்ட் அஞ்சு போட்டேன். அந்தச் சின்னப் பெட்டி வந்து நின்றது. என் விரலும் நின்றது.

"என்னண்ணே?"

"தேதி கேக்குதும்மா. எந்தத் தேதியிலேர்ந்துன்னு."

அவர் திரையைப் பார்த்தார். பெட்டிக்குள் கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. வெளியே செல்போன் கடையில் யாரோ ரீசார்ஜ் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அது யாருக்குண்ணே தெரியும்?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைத் தேதியே போடுங்க."

போட்டேன். அது எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் அந்தப் பில்லை மட்டும் கடைசியாக எடுத்தேன். மூன்றாம் மாடிக்குப் போய்க் கதவுக்கு அடியில் தள்ளக் குனிந்தேன். தள்ளவில்லை. நிமிர்ந்து கதவைத் தட்டினேன். அந்த அம்மா அளவு நாடாவோடு வந்து திறந்தார். பில்லைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார்.

"வாங்கண்ணே, உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

போனேன்.

எழுதியது: தஞ்சாவூர், 2017 டிசம்பர் 17, ஞாயிறு.