என் பைக்குள் கத்திய மெஷின்

சில வருடங்களுக்கு முன்பு, பதுளையில் நான் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடையில் நடந்தது இது. எங்கள் கடையில் பால்மா, சவர்க்காரம், பிஸ்கட், பருப்பு என்று எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். சுற்றிலும் உள்ள தோட்டங்களில் சில்லறைக் கடை வைத்திருப்பவர்கள் வந்து வாங்கிப் போவார்கள். பின்பக்க ஸ்டோரில் சாமான்களை அடுக்கிக் கணக்கெடுப்பது என் வேலை. ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

நடந்ததைச் சொல்லும் முன் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் காது சரியாகக் கேட்காது. சின்ன வயதில் சீழ் வைத்து இடது காது போய்விட்டது. வலது காதும் முப்பது வயதுக்குப் பிறகு மங்கத் தொடங்கியது. ஆண்களின் தடித்த குரல், பஸ் ஹார்ன், லொறி இரைச்சல் எல்லாம் கேட்கும். மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் கேட்காது. டெலிபோன் மணியும் குருவிச் சத்தமும் என் வாழ்க்கையை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது.

கடையில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு துணிக்கடையில் வேலை செய்தபோது சொல்லிப் பார்த்தேன். அவர்கள் திட்டவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. மிகவும் அன்பாக, "வீட்டோட இருந்து ஒடம்பப் பாத்துக்கம்மா" என்று சொல்லி அந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் இங்கே சேர்ந்தபோது வாயைத் திறக்கவில்லை. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்வேன். புரியாவிட்டால் சிரித்துத் தலையாட்டுவேன். இயல்பிலேயே கூச்ச சுபாவம் உள்ளவள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "இது வாயில்லாப் பூச்சி" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது.

ஸ்டோரில் என்னோடு வேலை செய்தவர் தெமோதரையிலிருந்து வரும் ஓர் அக்கா. வாய் ஓயாமல் பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. என்ன சொல்வதானாலும் சுற்றிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நிற்பார். நான் சாமான் அடுக்க வேண்டிய ராக்கையை மறைத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார். இவருக்கு நின்று பேச வேறு இடமே கிடைக்காதா என்று மனதுக்குள் எரிச்சல்படுவேன். வெளியே சொல்லமாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி மூன்று ஸ்கேனர் மெஷின் வாங்கினார். பெரிய கைபேசி மாதிரி இருக்கும். அடியில் துப்பாக்கிப் பிடி போல ஒரு பிடி. சாமானின் பார்கோடுக்கு நேரே நீட்டி விரலால் அழுத்தினால் ஒரு சிவப்புக் கோடு விழும். உடனே கேஷில் இருக்கும் கம்பியூட்டரில் கணக்கு ஏறிவிடும். ஏறிவிட்டால் ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் வரும். எடுபடாவிட்டால் மூன்று தடவை கத்தும். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மடமடவென்று வேலையை முடித்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் இல்லை.

திரையைப் பார்த்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் மேல் ராக்கைக்குக் கையை உயர்த்தி அடிக்கும்போது திரை தெரியாது. ஏறியதோ இல்லையோ என்று சந்தேகம் வந்து மறுபடியும் அடிப்பேன். சில நேரம் ஏறிவிட்டது என்று நம்பி அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். கணக்கில் பால்மா கூடியது, சவர்க்காரம் குறைந்தது.

ஒருநாள் முதலாளி என்னைக் கேஷுக்குக் கூப்பிட்டார். கடை நிறைய ஆட்கள்.

"என்னாம்மா இது? கம்பியூட்டர்ல இருக்குற பால்மாவ ராக்கையில காணோமே. மிச்சம் எங்க போச்சு?"

அவர் குரல் தடித்த குரல். ஒரு சொல் விடாமல் கேட்டது. 'எங்க போச்சு' என்றபோது சாமான் வாங்க வந்தவர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பௌர்ணமி போயா லீவுக்குக் கடைய மூடிட்டு முழுசா ஸ்டொக் எடுப்போம். ஒன் பக்கம் அப்பவும் பெசகுச்சுன்னா, நீ வீட்டோட இருந்துக்கிறதுதான் நல்லது."

மறுபடியும் அதே வார்த்தை. என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து, தோட்ட வேலைக்குப் போக முடியாமல் இருந்த காலம் அது. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அன்று பஸ்ஸில் போகும்போது, உண்மையைச் சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

போயாவுக்கு முந்திய வாரம், பின்பக்க ஸ்டோருக்குச் சிக்னல் சரியாக வரவில்லை என்று மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். சிங்களவர், நாற்பது வயது இருக்கும். மலைநாட்டுக் கடைகளுக்கெல்லாம் போய்ப் போய்த் தமிழ் பழகியவர். தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டிருந்ததால் மாஸ்க் போட்டிருந்தார். உதடு தெரியாத ஆளிடம் நான் என்ன செய்வேன்? அவர் என்னிடம் ஏதோ கேட்டார். சிரித்துத் தலையாட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி தலையாட்டினேன். மெஷினை எந்தக் கையில் பிடிப்பீர்கள் என்று அவர் கேட்டாராம். அதற்குத்தான் நான் இரண்டு தடவை 'ஆமாம்' சொல்லியிருக்கிறேன்.

கூரை மரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைப் பொருத்திவிட்டு, மெஷின்களைப் பார்க்க முன்பக்கம் போனார். சார்ஜ் ஏற்றும் தாங்கியில் இரண்டுதான் இருந்தன. மூன்றாவதைக் காணவில்லை. அந்தத் தாங்கியில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால், காணாமல் போன மெஷின் எங்கே கிடந்தாலும் விடாமல் கத்தும். அவர் அழுத்தியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் ஸ்டோரில் தனியாகச் சவர்க்காரப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் என் முன்னால் வந்து நின்றார். என் ஏப்ரன் பையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்தேன். பைக்குள்ளே சிவப்பும் பச்சையுமாக விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டி தூக்க இரண்டு கையும் வேண்டும் என்று மெஷினைப் பைக்குள் போட்டவள், அதை மறந்தே போயிருந்தேன். என் வயிற்றின் மேலேயே கிடந்து அது கத்தியிருக்கிறது. நான் பாட்டுக்குச் சவர்க்காரம் அடுக்கியிருக்கிறேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது எனக்கும் புரிந்தது. மெஷினை எடுத்துக் கொடுத்தேன்.

முன்னாலிருந்து முதலாளி சத்தம் போட்டுக் கேட்டார். "கெடைச்சிருச்சா?"

முடிந்தது என்று நினைத்தேன். அவர் மாஸ்க்கைக் கீழே இறக்கி, கடைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கிடைச்சுது முதலாளி! பெட்டிக்குப் பின்னால விழுந்து கிடந்தது!"

பிறகு என் பக்கம் திரும்பினார். மாஸ்க்கை மறுபடி ஏற்றவில்லை. ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகப் பேசினார்.

"அக்கா, பயப்பட வேணாம். இதுக்கு வேற வழி இருக்கு."

தன் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் முழுக்கப் பார்கோடுகள். சாமானுடைய கோட் அல்ல, மெஷின் எப்படி நடக்க வேண்டும் என்று மெஷினுக்கே சொல்லும் கோட் என்றார். ஒரு பக்கத்தைத் திறந்து, பக்கத்துக் கோடுகளை மெஷின் தவறிப் படித்துவிடாதபடி இரண்டு கையாலும் மூடி, நடுவில் ஒன்றை மட்டும் காட்டினார்.

"நீங்களே அடிங்க."

அடித்தேன். என் கைக்குள் அது ஒரு துள்ளுத் துள்ளியது. கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் உதறுமே, அப்படி. பயந்து கீழே போடப் பார்த்தேன். அவர் சிரித்தார். அதன்பின் பால்மா பெட்டியை அடிக்கச் சொன்னார். ஒரு துள்ளல். கிழிந்த லேபிளை அடிக்கச் சொன்னார். மூன்று துள்ளல். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எவ்வளவு சத்தமாகச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது.

உடனே அடுத்த பயம் வந்தது. "இது ஒண்ணு மட்டும் இப்படி இருந்தா ஏன்னு கேப்பாங்களே?" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு போய் மற்ற இரண்டையும் எடுத்து வந்து, அவற்றையும் அதேபோல, சத்தத்துக்குப் பதிலாகத் துள்ளும்படி மாற்றினார்.

"இப்ப மூணும் ஒண்ணுபோல. யாரு கேக்கிறது?"

முதலாளி கேட்டார். அதை அக்காதான் பிறகு வழக்கம்போல என் முன்னால் வந்து நின்று, இரண்டு பேர் மாதிரியும் நடித்துக் காட்டினார். "சத்தம் இல்லாட்டி உள்ள வேல செய்றாங்களா தூங்குறாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாராம் முதலாளி. கேஷில் இருந்தபடியே அந்த 'டிக் டிக்'கைக் கேட்டுத்தான் அவர் எங்களை மேய்த்திருக்கிறார். "எழும்பி வந்து பாருங்க முதலாளி. ஒடம்புக்கும் நல்லது" என்றாராம் அந்த மனிதர். கடையே சிரித்ததாம். "போயாக் கணக்குப் பிழைச்சா சொல்லுங்க, நானே வந்து சத்தத்த வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்து, அப்புத்தளையில் வேறொரு கடைக்கு வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிப் போய்விட்டார். அவருடைய தடிமன் இரண்டு நாளில் எனக்கு வந்துவிட்டது. சந்தோஷமாகவே தும்மினேன்.

போயா அன்று கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டொக் எடுத்தோம். வெளியே நல்ல மழை. நான் மேல் ராக்கைக்குக் கையை உயர்த்தி அடித்தேன். திரையைப் பார்க்கவில்லை. ஒரு துள்ளல் என்றால் அடுத்தது. மூன்று என்றால் மறுபடி. முடிந்ததும் முதலாளி தானே எழும்பி வந்து, என் ராக்கையில் இருந்த பால்மாவை ஒன்றொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணிவிட்டுப் போய்க் கம்பியூட்டரைப் பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை எண்ணினார். நான் அவர் உதட்டையே பார்த்தேன். எல்லாருக்கும் வடையும் பிளேன்டீயும் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கணக்குச் சரி என்பதற்கு அவர் தந்த பதில் அதுதான். வீட்டோடு இருப்பது பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை.

போன வருடம் ஒரு மெஷின் கீழே விழுந்து உடைந்து, அதற்குப் பதிலாகப் புதிது வந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டு சுற்றி வந்து என் முன்னால் நின்றார்.

"இது கத்துதுடி. மத்தது மாதிரி துள்ள மாட்டேங்குது."

பத்திரமாக வைத்திருந்த அந்தத் தாளை எடுத்தேன். எடுக்கும்போது என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன்.

"அக்கா, எனக்குக் காது கேக்காது. அதுக்குத்தான் மெஷின் பாக்க வந்த அந்த மாத்தயா எல்லாத்தையும் மாத்திட்டுப் போனாரு."

அந்தக் கடையில் முதல்முறையாகச் சொல்கிறேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடிப் போடி! அது தெரியாமயா இத்தன வருசமா ஒன் மொகத்துக்கு முன்னால வந்து நின்னு பேசுறேன்? ஒன்னச் சுத்திச் சுத்தியே என் மொழங்கால் தேஞ்சு போச்சு."

"பின்ன ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"நீ சொல்லல. நான் கேக்கல. அந்தத் தாளக் குடு."

தாளை வாங்கி, பக்கத்துக் கோடுகளை உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு, "ம், அடி" என்றார். அடித்தேன். துள்ளியது.

முதலாளிக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் அவரும் கேஷில் இருந்து கத்துவதில்லை. எழும்பி ஸ்டோருக்கு வந்து, என் எதிரே நின்றுதான் பேசுகிறார். உடம்புக்கு நல்லது என்று நினைக்கிறாரோ என்னவோ.

அந்த மனிதரை மறுபடி நான் பார்க்கவில்லை. பெயர்கூடத் தெரியாது. நான் மறைத்துவைத்திருக்கிறேன் என்று நினைத்த ஒன்றை எத்தனை பேர் எனக்காகச் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தார்களோ என்று, அந்த மெஷின் உள்ளங்கையில் துள்ளும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.